எண்ணெய் வருகிற நேரம்

சாயங்காலம் ஃபாதர் லூசியன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று என் மனைவி எமிமா சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பித்தப்பைக் கல் வலிக்கவேயில்லை. ராத்திரி பூராவும் என்னைப் புரட்டி எடுத்த வலி, சாமியார் பேரைக் கேட்டதும் பயந்து ஒதுங்கிக்கொண்டது. கல்லுக்கே அப்படியென்றால் எனக்கு எப்படி இருக்கும். எதுக்கு வாறாரு என்று கேட்டேன். "எண்ணெய் பூசி ஜெபம் பண்ணத்தான், வரச் சொன்னேன்" என்றாள், கடையில் ரெண்டு தோசை சொல்லியிருக்கேன் என்கிற மாதிரி. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய்விட்டாள். எண்ணெய். முப்பது வருஷத்துக்கு மேல் கத்தோலிக்கனோடு குடும்பம் நடத்தியவளுக்கு எண்ணெய் என்றால் என்னவென்று தெரியவில்லையா, இல்லை, தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாளா. தெரிந்து கூப்பிட்டிருந்தால் டாக்டர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் சொன்னது வேறு. நாளைக்குக் காலையில் ஆபரேஷன், வயிற்றில் மூணு சின்ன ஓட்டை, மறுநாள் இட்லி சாப்பிடலாம், அதற்கடுத்த நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர்கள் சிரித்தால் எனக்குப் பிடிக்காது. படுத்திருக்கிறவனுக்கு ஒரு பேச்சு, வராந்தாவில் நிற்கிற பெண்டாட்டிக்கு ஒரு பேச்சு என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி. மூணு ஓட்டைக்கு எவனாவது அவஸ்தை கொடுப்பானா?

அவஸ்தை என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். அவஸ்தை பூசுதல், சாகக் கிடக்கிறவனுக்குச் சாமியார் வந்து பூசுகிற எண்ணெய். அந்தக் காலத்தில் எண்ணெய் சும்மா வராது. முன்னால் கோயில்பிள்ளை கைமணியை அடித்துக்கொண்டு நடப்பார், பின்னால் சாமியார் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வருவார். மணிச்சத்தம் கேட்டதும் வலை பின்னுகிறவர்கள் வலையைப் போட்டுவிட்டு வாசலில் முட்டிபோடுவார்கள். முட்டிபோட்டபடியே, சாமி எந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவுக்கு மஞ்சக்காமாலை. மாமா ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சாமியைக் கூப்பிடுங்க என்று. அம்மா கேட்கவில்லை. "அவுகளுக்கு இன்னும் நெனவு இருக்கு. மோர் வேணும்னு கேக்காவ. இப்பம் சாமியக் கூட்டியாந்தா பயந்தே போயிருவாவ" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு நினைவு தப்பின பிறகுதான் ஆள் அனுப்பினாள். ஸ்டூலில் வெள்ளைத்துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், ரெண்டு மெழுகுதிரி, ஒரு தட்டில் துடைக்கிறதுக்குப் பஞ்சு. கண், காது, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டே வந்து சாமியார் காலுக்குப் போனபோது அப்பா கண்ணைத் திறந்தார். நினைவு வந்துவிட்டது. சாமியாரைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். விடிவதற்குள் போய்விட்டார். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாகிற நேரம் என்பதால் எண்ணெய் வந்ததா, எண்ணெயைப் பார்த்துவிட்டதால் செத்தாரா. அறுபது தாண்டியும் இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் யாரும் நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் ஏறப்போவதில்லை.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. இதில் இருக்கிற கோளாறு எனக்கே தெரியும். நினைவு தப்பிய பிறகே கூப்பிட்டால், பூசினவனெல்லாம் செத்துத்தான் போவான். ஃபாதர் லூசியன் பிரசங்கத்தில் இதைத்தான் விளக்கினார். யாக்கோபு எழுதின கடிதம், ஐந்தாம் அதிகாரம். உங்களில் நோயாளி யாராவது உண்டா, திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிற இடம். 'நோயாளி என்றுதான் போட்டிருக்கிறது, சாகப்போகிறவன் என்று எங்கே போட்டிருக்கிறது? நாமாகப் பயந்து பயந்து இதைச் சாவுக்கு முந்தின சடங்காக ஆக்கிவிட்டோம், இப்போது திருச்சபை பேரையே மாற்றிவிட்டது, நோயில் பூசுதல்' என்றார். அன்றைக்கு நோயாளிகளுக்கென்று வைத்த பூசை. சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை என்று ஊரில் பாதி வரிசையில் நின்றது. நான் வண்டிக்குப் பூட்டுப் போட்டோமா என்று பார்க்க வெளியே வந்துவிட்டேன். வண்டி பூட்டித்தான் இருந்தது. வரிசை முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேரை மாற்றினால் எண்ணெய் மாறிவிடுமா. ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பிணத்தை வைக்கிற குளிர்பெட்டி வராத காலத்தில், செத்த வீட்டுக்காரன் வந்து முழுப் பாளமாக ஐஸ் வேணும் என்பான். எதுக்கு என்று சொல்லமாட்டான், நானும் கேட்கமாட்டேன். மீனுக்கு ஐஸ் கேட்கிறவன் முகம் வேறு, இந்த முகம் வேறு. முகத்தைப் பார்த்தே, சீக்கிரம் கரையாமலிருக்க மரத்தூள் கூடுதலாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். எமிமா ஒரு மாதமாக அந்த முகத்தோடுதான் நடமாடுகிறாள்.

இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு அவசரம்? கல் சின்னதுதான், கிறிஸ்துமஸ் முடிந்துகூட எடுத்துக்கலாம் என்று டாக்டரே முதலில் சொன்னார். என் காதால் கேட்டேன். இவள்தான் முடியவே முடியாது, இந்த மாசமே எடுத்துருங்க என்று நின்றாள். புடவை எடுப்பதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள். இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து ரெண்டாம் மாடிக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். அங்கே என்ன என்று கேட்டால் லேடி டாக்டர் ஒருத்தங்க எங்க ஊர்க்காரங்க, பேசிட்டு வந்தேன் என்கிறாள். முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். சாயர்புரத்திலிருக்கிற அக்காவோடு போனில் பேசும்போது வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். நேற்று நான் பாத்ரூமிலிருந்து வரும்போது, "அவங்களுக்குத் தெரியாதுக்கா, தெரிஞ்சா தாங்கமாட்டாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும். அவள் பிறந்தது சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் குடும்பம். எனக்காகக் கோயில் மாறினாளே தவிர வேதம் வாசிக்கிற பழக்கம் மாறவில்லை. எங்கள் வீட்டில் பைபிள் என்றால் கண்ணாடி அலமாரியில் இருக்கும், தூசி தட்டுவோம். அவள் வந்துதான் அதைத் திறந்தாள். மாமனார் ஸ்கூல் வாத்தியார். ஒரு தடவை சாப்பிடும்போது இதே யாக்கோபு பேச்சு வந்தது. "மாப்ள, அந்தக் காலத்துல எண்ணெய்தான் மருந்து. காயத்துக்கும் எண்ணெய், காய்ச்சலுக்கும் எண்ணெய். இந்தக் காலத்துல டாக்டர்ட்ட போ, மாத்திரை சாப்பிடு, சபையார் உனக்காக ஜெபம் பண்ணட்டும், அதான் வசனத்துக்கு அர்த்தம். ஒங்க சாமியார் வெள்ளிச் செப்புல கொண்டாரதெல்லாம் பிற்காலத்துல வந்தது" என்றார். கறிக்குழம்பை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாமல் நான் எலும்பைக் கடித்தேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் வெறும் மருந்தென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் தாண்டி இன்றைக்கு எண்ணெய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறாள் என்றால், மாத்திரை கைவிட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்.

காலையில் தம்பி ரெமி வந்தான். அவனும் எண்ணெயோடுதான் வந்தான். ரெமி பெந்தெகொஸ்தேக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது. மோதிரத்தைக் கழற்றினான், பீடியை விட்டான், பிறகு சர்க்கரை மாத்திரையையும் விட்டான். வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடை ஆலிவ் எண்ணெய்க் குப்பியை எடுத்தான். அவன் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்ததாம். "அண்ணே, யாக்கோபு அஞ்சைப் பாரு. எண்ணெய்னு இருக்கு, கத்தின்னு இல்ல. விசுவாசமுள்ள ஜெபம் சொகமாக்கும்னு இருக்கு, சொகமாக்கலாம்னு இல்ல. நெத்தியக் காட்டு, பூசுதேன். எந்திரிச்சு வீட்டுக்கு வா." நீ யாருலே மூப்பன், நேத்துவரைக்கும் துறைமுகத்துல மூட்டை எண்ணிட்டு இருந்த பய என்றேன். சிரித்தான். "குருப்பட்டம் வாங்குனவந்தான் மூப்பன்னு எங்க போட்டிருக்கு? சபையில நிக்கிறவன் எல்லாரும்தான்." அவனைத் துரத்திவிட்டேன். துரத்தினதும் பயம் வந்தது. ஏனென்றால் அவன் நன்றாக இருக்கிறான். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற நான் படுத்துக்கிடக்கிறேன், தூக்கிப் போட்டவன் மாடிப்படியை ரெண்டு ரெண்டாக ஏறிப் போகிறான். அவன் கால் பெருவிரலில் ஒரு கட்டு இருந்ததைப் பார்த்தேன். கேட்டால் செருப்புக் கடி என்பான். அதைச் சொல்லி நான் ஆறுதல்பட்டுக்கொள்ளலாமா, சொந்தத் தம்பியின் புண்ணை வைத்து? ரெமி சொல்வது சரியென்றால் நாளைக்குக் கத்திக்குக் கீழே படுப்பது அவிசுவாசம். மாமனார் சொன்னது சரியென்றால் கத்திதான் எண்ணெய். ஃபாதர் சொல்வது சரியென்றால் கத்தியும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். அம்மா செய்ததுதான் சரியென்றால் எண்ணெய் வந்த வீட்டில் ஐஸ் வரும். நாலு வரி வசனம். யாக்கோபு இன்னும் ஒரு வரி கூட எழுதியிருந்தால் குறைந்தா போயிருக்கும்? கர்த்தர் அவனை எழுப்புவார் என்று வேறு போட்டிருக்கிறார். படுக்கையிலிருந்தா, கல்லறையிலிருந்தா?

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜைக்கு வந்துவிட்டது. மேஜையில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன தட்டு. தட்டில் பஞ்சு. ஊசி போட்டுத் துடைக்கிற பஞ்சுதான், எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. வெளியே லிஃப்ட் திறக்கிற சத்தம். செருப்புச் சத்தம் நெருங்கி, கடந்து போகிறது. இல்லை, அவர் இல்லை. ஃபாதர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன். ஃபாதர், எனக்கு ஒன்றுமில்லை, மூணு ஓட்டைதான், நீங்கள் வீணாக அலைந்துவிட்டீர்கள். சரியாக இல்லை, கேலி மாதிரி இருக்கிறது. ஃபாதர், ஆபரேஷன் முடிந்து நானே கோயிலுக்கு வந்து பூசிக்கொள்கிறேன். பொய், வண்டிப் பூட்டைப் பார்க்கப் போய்விடுவேன் என்று அவருக்கே தெரியும். தூங்குகிற மாதிரி நடித்தால்? கண்ணை மூடிப் பார்த்தேன். ஐயோ, அதுதான் மோசம், நினைவில்லை என்று நினைத்து உடனே பூசிவிடுவார். கண்ணைத் திறந்தேன். நாக்கு ஒட்டுகிறது, தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இல்லை, அது ராத்திரிக்கு மேல்தான். குடித்தேன். சட்டையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டது. அப்பா மோர் கேட்டார். எனக்குச் சாக விருப்பமில்லை. இதை யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. பெரிய ஆசை ஒன்றும் பாக்கியில்லை. காலையில் எமிமா போடுகிற காப்பியைக் குடித்துவிட்டு, சீனி கம்மி என்று சொல்லி அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் போனால் அவள் யாரிடம் சண்டை போடுவாள்.

கதவு தட்டாமல் திறந்தது. எமிமா முன்னால், ஃபாதர் லூசியன் பின்னால். அங்கியில்லாமல் சாதாரணச் சட்டையில் வந்திருந்தார், ஹெல்மெட் கையில். ஹெல்மெட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பையிலிருந்து வெள்ளைப் பட்டையை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு அந்த வெள்ளிச் செப்பு. எமிமா கதவைத் தாழ் போட்டாள். ஒழுங்குபடுத்தி வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஃபாதர், எனக்கு வேண்டாம். டாக்டர் இவகிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் பூசிக்கிட மாட்டேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. ஃபாதர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க இன்னும் இவர்ட்ட சொல்லலியா?" சரி, வந்துவிட்டது. "தனியாச் சொல்ல எனக்குத் தைரியம் வரல, ஃபாதர். நீங்க இருக்கும்போது சொல்லிரலாம்னுதான்" என்றாள். பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லங்க. ஒங்களுது வெறும் கல்லுதான். எனக்குத்தான்." இடது மார்புக்குப் பக்கத்தில் கையை வைத்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி. "கட்டி. போன மாசமே தெரிஞ்சிட்டு. ரெண்டாம் மாடி டாக்டரம்மா சதையெடுத்துப் பார்த்தாங்க. நல்ல கட்டி இல்லயாம். ஒடனே எடுக்கணும்னாங்க. நான்தான் மொதல்ல ஒங்களுது முடியட்டும்னேன். நீங்க எந்திரிச்சு நடந்தாத்தான எனக்குத் தொணைக்கு வந்து நிக்க முடியும்."

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. ஒரு மூச்சு அளவுக்கு. நான் சாகப்போவதில்லை என்று உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அந்த மூச்சு வெளியே போகிறதுக்குள் பயம் திரும்பி வந்தது, இதுவரைக்கும் வந்ததெல்லாம் பயமே இல்லை என்கிற மாதிரி. ஃபாதர் செப்பைத் திறந்தார். பெருவிரலை அதற்குள் அமுக்கினார். எமிமா முக்காடு போட்டுக்கொண்டு அவர் பக்கம் முகத்தை நிமிர்த்தினாள். "ஃபாதர், அவளுக்கு வேண்டாம்" என்று எழுந்து உட்கார்ந்தேன். கையில் குத்தியிருந்த ஊசி இழுத்தது. "அவளுக்கு வேண்டாம். எனக்குப் பூசுங்க. எத்தனை வாட்டி வேணும்னாலும் பூசுங்க." ஃபாதர் விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். எமிமாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை, அவள் முகத்தில் தெரிந்தது. முப்பது வருஷமாக நான் அவளிடம் அப்பா கண்ணைத் திறந்ததைச் சொன்னதேயில்லையே. "ஏன் வேண்டாங்கிறீங்க? வியாதிப்பட்டவங்க கூப்பிடட்டும்னுதான எழுதியிருக்கு. எனக்கு வியாதி. கூப்பிட்டேன்" என்றாள். "சொகமாயிரும்னு எழுதியிருக்குங்க." ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள், முடிக்கும்போது உதடு கோணியது. அப்போதுதான் பார்த்தேன், அவளும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள். என்னைவிட அதிகமாக. ஒரு மாதமாகத் தனியாக.

நான் அம்மா மாதிரி கதவை மறித்துக்கொண்டு நிற்கலாம். நிற்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஃபாதர் என் பக்கம் திரும்பி, அதட்டலாக இல்லாமல், "நான் ஜெபத்தைச் சொல்வேன். பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். இங்க நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்றார். நெற்றியில் சிலுவை போட்டார். எண்ணெய் அவள் புருவம் வரைக்கும் இறங்கியது. ஜெபத்தைச் சொல்லி நிறுத்தினார். நான் சொல்ல வேண்டிய இடம். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். எப்படி ஆகட்டும், யார் சொன்ன மாதிரி ஆகட்டும், மாமனாரா, ரெமியா, இவரா, அம்மாவா. எமிமா ரெண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டிக்கொண்டிருந்தாள், கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்த பார்வை இல்லை அது. அவள் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். ஃபாதரும் காத்திருந்தார். யாருடைய அர்த்தம் என்று தெரியாமலேயே சொன்னேன். சத்தம் வரவில்லை. மறுபடியும், அவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.